மூன்று பவுன் வரியும் ஒரு பாதிரியாரும்

நெல்லைச் சீமையிலிருந்து ரயிலேறி, தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவிக்கு வந்த நம் முன்னோர், இங்கே குடியிருப்பதற்கெனத் தலைவரி கட்டியதில்லை. கப்பலேறி நேட்டாலுக்குப் போன தமிழரோ, கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் செலுத்த வேண்டுமென 1895-இல் சட்டம் வந்தது. ஒப்பந்தக் கூலியின் முதலாண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுன் என்பதோ 60 ஷில்லிங்! பின்னர் 16 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும்கூட வரி கேட்டார்கள். போதாக்குறைக்கு, கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணம் செல்லாதென 1913-இல் கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் தாய்மார் கொதித்தெழுந்தனர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறை புகுந்தார்.

அந்நாளில், 1914 ஜனவரியில், டர்பனில் வந்திறங்கினார் ஆங்கிலேயப் பாதிரியார் சி. எஃப். ஆண்ட்ரூஸ். காந்தியடிகளின் பாதத்தைக் குனிந்து தொட்டார். வெள்ளையர் பலர் முகம் சுளித்தனர். ஸ்மட்ஸுடன் நடந்த பேச்சில் அடிகளுக்கு உறுதுணையாய் நின்றார். தம் சமயத்தின் பெயரால் பிறர் மணவாழ்வு இழிவுறுவதை அவர் பொறுக்கவில்லை. வரியை வீழ்த்தியது தொழிலாளர் போராட்டமே என்பது நம் கருத்து. ஆயினும் ஆள்வோர் செவியில் அவர் சொல்லும் ஏறிற்று. அவ்வாண்டே வரி ஒழிந்தது. ஒருதார மணங்கள் ஏற்கப்பட்டன.

புதிதாய்ச் செல்வோரைத் தடுத்த 1913-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் மட்டும் அசையவில்லை. ஆண்ட்ரூஸ் 1915-இல் ஃபிஜிக்குக் கப்பலேறினார்; அங்கும் நம்மவர் ஒப்பந்தத் தளையில் கிடந்தனர். எஞ்சிய ஒப்பந்தங்கள் அங்கே 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.