'செகார்' என்னும் வினைச்சொல்

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே, அட்லாண்டிக் கடலோரமாகக் கலீசியா என்னும் நிலப்பகுதி உளது. (கிழக்கு ஐரோப்பாவில் இதே பெயருடன் வழங்கிய நாடு வேறு.) அங்கு வழங்கும் கலீசிய மொழி போர்ச்சுகீசியத்தின் உடன்பிறப்பு. அம்மொழியில் வந்து சேர்தலைக் குறிக்கும் வினைச்சொல் 'செகார்' என்பது. முதலெழுத்தைப் 'பச்சை' என்பதிலுள்ள சகரம்போல் அழுத்தி ஒலித்தல் வேண்டும்.

நேயர்களே, எளிய இச்சொல்லின் பிறப்பை ஆராயப் புகுந்தால் வியப்பே மேலிடுகிறது. இதன் தாய் 'பிளிகாரே' என்னும் லத்தீன் சொல். அதற்கோ 'மடித்தல்' என்பது பொருள். பகரம் சகரமானது எங்ஙனம் என ஐயுற வேண்டா. மழையைக் குறிக்கும் லத்தீன் 'ப்ளூவியா' அந்நிலத்தில் 'சூவியா' ஆயிற்று. திறவுகோலைக் குறிக்கும் 'க்ளாவெம்' 'சாவெ' ஆயிற்று. போர்ச்சுகீசியர் வழியே நம்மிடம் வந்து 'சாவி'யாக நிலைத்ததும் இந்தச் 'சாவெ'தான். அவ்வொலி மாற்றத்தின் சான்று நம் வீட்டுச் சாவிக்கொத்திலேயே தொங்குகிறது!

மடித்தல் எவ்வாறு சேர்தலாயிற்று? துறைமுகம் புகும் மாலுமி பாயை மடிப்பான். அத்துடன் பயணம் முடிந்தது என்பர் ஒரு சாரார். ருமேனிய மொழியிலோ, அதே லத்தீன் சொல்லின் வழிவந்த 'ப்ளெகா' என்பதற்கு நேர்மாறாகப் 'புறப்படுதல்' என்று பொருள். அங்கே போர்வீரர் கூடாரத்தை மடித்துக் கிளம்பினராம்! கேட்க இனிய கதைகளே. ஆயினும் நாம் அவற்றை ஏற்கத் தயங்குகிறோம். லத்தீனில் 'அப்ளிகாரே' என்பது ஒன்றை மற்றொன்றன் அருகே சேர்த்தல். கப்பலைக் கரைசேர்த்தலுக்கும் அச்சொல்லே வழங்கிற்று. அதன் முன்னொட்டு உதிர்ந்து எஞ்சியதே 'செகார்' எனக் கொள்வது பொருந்தும். தமிழிலும் 'சேர்' என்னும் வினை இணைதலையும் ஊர் போய்ச் சேர்தலையும் ஒருங்கே குறிப்பது காண்க.

இதற்கு வலுவான சாட்சி ஒரு பெண்மணி. கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்பார், தாம் கண்டவற்றை லத்தீனில் எழுதிவைத்தார். அந்நூலின் ஏடு 1884-இல் இத்தாலியின் அரெத்ஸோ நகரில் வெளிப்பட்டது. தரைவழிச் செலவைச் சொல்லுமிடத்தும் அவர் 'பிளிகாரே' என்பதை நெருங்கிச் செல்லுதல் என்னும் பொருளில் ஆள்கிறார். அங்கே பாயுமில்லை, மாலுமியுமில்லை. அவ்வம்மையார் கலீசிய நிலத்தவர் என்பது அறிஞர் பலரின் கொள்கை.

இன்னொரு பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. உணவு பரிமாறுகையில் 'செகா' என்றால், 'போதும்' என்று கொள்ள வேண்டும்.

15-ஆம் நூற்றாண்டுக்குப் பின் நெடுங்காலம் கலீசியம் ஏட்டில் அருகி, உழவர் நாவிலும் மீனவர் நாவிலுமே உயிர்தரித்தது. 1981-இல்தான் அங்கு அது ஸ்பானியத்தோடு இணை ஆட்சிமொழியாயிற்று. அதற்கு வெகுகாலம் முன்னரே, 1906-இல், கலீசிய மொழிக்கழகம் லா கொருஞா நகரில் தோன்றிற்று. அதற்குப் பொருளுதவி செய்வதில் முன்னின்றோர், பிழைப்பு நாடிக் கடல்கடந்து கியூபாவின் ஹவானா நகரில் குடியேறியிருந்த கலீசியர் ஆவர். ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு இது அயற்செய்தியாகத் தோன்றாது. அக்கழகம் வெளியிட்ட அகராதியில் 'செகார்' மேற்கூறிய இரு பொருளுடனும் இடம்பெற்றுள்ளது.