ரோமாபுரியும் பிரிக்பீல்ட்ஸும்

ரோமாபுரிக்குக் கிறிஸ்தவம் கடல் கடந்து வந்தது. கொண்டுவந்தவர்கள் கிரேக்கம் பேசிய கீழ்த்திசைக் குடியேறிகள். வணிகரும் அடிமைகளும் அவர்களில் இருந்தனர். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் தமிழ்க் கிறிஸ்தவம் வந்ததும் கப்பலில்தான். ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வந்த யாழ்ப்பாணத்தாரோடும், பால்மரத் தோட்டங்களுக்கு வந்த தமிழகத்தாரோடும் அது வந்தது. தொடக்கம் இவ்வளவு ஒத்திருந்தும் இரண்டும் போன வழி வேறு.

ரோமில் அது அரியணையைத் தொட்டது. 313இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் வழிபாட்டு உரிமை தந்தார். 321இல் ஞாயிறு ஓய்வுநாளானது. 380இல் பேரரசர் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தையே பேரரசின் சமயமாக்கினார். 391இல் பழைய தெய்வங்களுக்குப் பலியிடத் தடை வந்தது. 609இல் பாந்தியன் கோவில் மாதா ஆலயமாயிற்று. அந்தக் கட்டடம் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அங்கே கும்பிட்டவர்களை நினைத்தால் வருத்தம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நடந்து பாருங்கள். ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோவில், பௌத்த மகா விகாரை, ஜெபமாலை மாதா ஆலயம், 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம் எல்லாம் ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன. இங்கே கிறிஸ்தவம் சட்டம் இயற்றும் இடத்தில் என்றுமே இருந்ததில்லை. அது தமிழர் வாழ்வை மாற்றியதைவிடத் தமிழர் வாழ்வு அதை மாற்றியதே அதிகம். தைப்பொங்கலன்று ஆலய வளாகத்தில் மஞ்சள் கொத்து கட்டிய பானையில் பால் பொங்குகிறது. வேட்டி சேலையில் வந்தவர்கள் திருப்பலியில் தமிழில் பாடுகிறார்கள். ரோமிலோ நான்காம் நூற்றாண்டுக்குள் குடியேறிகளின் கிரேக்கம் வழிபாட்டில் லத்தீனுக்கு இடம் விட்டுவிட்டது.

ஆனால் ரோமின் கதை அரசாணைகளோடு முடியவில்லை. கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே என்று 362இல் பேரரசர் ஜூலியன் வருந்தி எழுதினார். அவர் பழைய தெய்வங்களை மீட்க முனைந்தவர். எதிராளியின் சாட்சியம் என்பதால் அதற்கு எடை அதிகம். அந்நூற்றாண்டின் இறுதியில் செல்வச் சீமாட்டி ஃபபியோலா ரோமில் மருத்துவமனை தொடங்கி, புண்பட்ட நோயாளிகளைத் தன் கையாலேயே பேணினார். இவற்றை எந்த ஆணையும் செய்விக்கவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இணை இங்கேதான் கிடைக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள் 1954இல் சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணிதான் அசுந்தா மருத்துவமனையாக வளர்ந்தது. அதன் கதவு எல்லாச் சமயத்தாருக்கும் திறந்தது. கிறிஸ்தவத்தின் செல்வாக்கை அளப்பதானால் நான் கான்ஸ்டன்டைனை விட்டுவிட்டு ஃபபியோலாவையே அளவுகோலாகக் கொள்வேன். அந்த அளவில் கிள்ளான் பள்ளத்தாக்கு ரோமுக்குக் குறைந்ததில்லை.