கடல்நீர் மீன்தொட்டிக்கான நெகிழிக் கொள்கலன்கள்

கடல்நீர் மீன்தொட்டிக்கான நெகிழிக் கொள்கலன்கள் என்பவை கடல் மீன்களையும் பவள உயிரிகளையும் வளர்ப்போர் உவர்நீரைக் கலக்கவும் சேமிக்கவும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பீப்பாய்கள், தொட்டிகள், வாளிகள் ஆகும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. இது உலோகத்தை அரிக்கும். மிகச் சிறிதளவு செம்பு கரைந்தாலும் பவள உயிரிகளும் இறால்களும் இறக்கக்கூடும் என்பதால் உலோகக் கலன்கள் தவிர்க்கப்படுகின்றன. தேவதானம், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கடல்நீரைக் கொண்டுவந்தோ செயற்கைக் கடலுப்பைக் கரைத்தோ தேக்கி வைக்க வேண்டியிருப்பதால், கலனின் தேர்வு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

== முக்கோணக் குறியீடு ==

கலனின் அடியில் காணப்படும் 1 முதல் 7 வரையிலான எண்கள் 1988 ஆம் ஆண்டில் அமெரிக்க நெகிழித் தொழிற்சங்கத்தால் மறுசுழற்சிக்காக அறிமுகப்படுத்தப்பட்டவை. இவற்றுள் 2 (உயரடர்த்தி பாலிஎத்திலீன்), 4 (தாழடர்த்தி பாலிஎத்திலீன்), 5 (பாலிபுரோப்பிலீன்) ஆகியவை பொதுவாக ஏற்றவை. 3 எனக் குறிக்கப்படும் பிவிசியின் மென்மையான வகைகளில் தாலேட்டு நெகிழ்விப்பான்கள் இருக்கலாம். பிவிசி குழாய்களில் ஈய நிலைப்படுத்திகளை நீக்குவதற்கான விதிகளை இந்திய அரசு 2021 இல் வெளியிட்டது. 7 என்பது 'பிற' என்று மட்டுமே பொருள்படும். மீன்தொட்டிகள் செய்யப்படும் அக்ரிலிக்கும் இதில் அடங்குவதால், இவ்வெண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

எண் பலபடியின் பெயரை மட்டுமே கூறும். நிறமி, நிரப்பி, மறுசுழற்சி மூலப்பொருள் பற்றி அது எதுவும் கூறாது. உணவுத் தொடர்புக்குரிய பாலிஎத்திலீனுக்கு ஐ.எஸ். 10146, பாலிபுரோப்பிலீனுக்கு ஐ.எஸ். 10910, மாடிகளில் வைக்கப்படும் பாலிஎத்திலீன் நீர்த்தொட்டிகளுக்கு ஐ.எஸ். 12701 ஆகிய இந்தியத் தரங்கள் உள்ளன. எண் இல்லாத கலனின் சிறு துண்டை நன்னீரில் இட்டால் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், பிவிசி மூழ்கும். நிரப்பி சேர்ந்த பாலிபுரோப்பிலீனும் மூழ்கலாம்.

== பழைய பீப்பாய்கள் ==

பெரிய ஆபத்து இங்குதான் உள்ளது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலநிறப் பீப்பாயில் 2 என்ற எண் இருந்தாலும், முன்பு அதில் சாயமோ, வெளுப்பு வேதிப்பொருளோ, பூச்சிக்கொல்லியோ இருந்திருக்கலாம். நெசவும் அச்சும் நடைபெறும் விருதுநகர் மாவட்டத்தில் இது வெறும் ஐயமன்று. பாலிஎத்திலீன் எண்ணெய்த்தன்மையுள்ள கரிமச் சேர்மங்களை உறிஞ்சிப் பின்னர் மெதுவாக வெளிவிடும். கழுவுவதால் அவை முழுமையாக நீங்குவதில்லை. முன்பு இருந்த பொருள் தெரியாத பீப்பாயை விலக்குவதே முறை.

== வலிமையும் தயாரிப்பும் ==

200 லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 205 கிலோகிராம் எடையுள்ளது. துணி வைப்பதற்கான மெல்லிய பெட்டிகள் இவ்வழுத்தத்தில் பக்கவாட்டில் புடைத்து விரிசலுறும். வெயில் படும் இடத்தில் ஒளிபுகாத கருநிறக் கலன் பாசி வளர்ச்சியைத் தடுக்கும். புதிய கலனைச் சோப்பின்றிக் கழுவி, உப்புநீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்து வெளியேற்ற வேண்டும். அதன் பின்னும் மணமோ எண்ணெய்ப் படலமோ தோன்றினால் அக்கலன் ஏற்றதன்று.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்துள்ளது. இத்தகைய குஞ்சுப் பொரிப்பகங்களில் கண்ணாடியிழை வலுவூட்டிய நெகிழித் தொட்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன. பிசின் முழுமையாக இறுகாத புதிய தொட்டியிலிருந்து ஸ்டைரீன் கசியக்கூடும் என்பதால், மீன்களை விடுவதற்கு முன் அதனைப் பலமுறை நீர் நிரப்பி வடிக்க வேண்டும்.