வந்தவன் யாரென்று கேளாத இலை

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், பின்னர் பொறியியல் படித்துக் கப்பல் கட்டும் துறையில் வேலை பெற்று, சென்ற ஆண்டு இத்தாலி நாட்டு வெனிசு நகருக்குப் பயணமானார். புறப்படுமுன் நாமக்கல்லில் நம் இல்லம் தேடி வந்து விடை பெற்றார். வாயிலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஹஸ்ரத், அந்த ஊரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? உங்கள் கிதாபுகளில் ஏதேனும் எழுதியிருக்கிறதா?" என்று சிரித்தபடி கேட்டார். "வெனிசுச் சாப்பாட்டைப் பற்றி இல்லை தம்பி; வெனிசிலிருந்து வந்தவர் நம் நாட்டில் கண்ட சாப்பாட்டைப் பற்றி இருக்கிறது" என்று நாமும் சிரித்து அனுப்பிவைத்தோம்.

அவர் போன பின்னும் அக்கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. அயலூர் செல்லும் ஒருவன் உணவைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறான். அங்கே சுவையானது எது என்பது ஒன்று. அங்கே என்னை உட்காரவைத்துச் சோறிடுவார்களா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை சொல்லும் நூல்கள் இன்று ஏராளம். இரண்டாவது கேள்விக்கோ நீண்ட வரலாறு உண்டு. நம் சேலம், நாமக்கல் சமவெளியின் வழியாகவும் அவ்வரலாறு நடந்து சென்றிருக்கிறது. அதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

எங்கே போனால் நல்லுணவு கிடைக்கும் என்று சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையைக் கண்டவர்கள் தமிழர்கள். ஆற்றுப்படை என்பது அதன் பெயர். வள்ளலிடம் பரிசு பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. வள்ளலின் புகழ் அதற்கு நோக்கம் எனினும், இடைவழியில் உண்ணப்போகும் உணவே பாட்டின் பெரும்பகுதியை நிரப்பி நிற்கிறது. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும். வேட்டுவர் ஊரில் புளியிட்டுச் சமைத்த சோறும் இறைச்சியும் கிடைக்கும். மருதநிலத்து ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கறி கிடைக்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் இல்லத்தில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் வேகவைத்துத் தருகிறார்கள். மாவடு ஊறுகாயும் உண்டு.

இப்பாட்டுகளில் நாம் கருதத்தக்கது உணவின் வகை மட்டுமன்று. வழி சொல்பவன், "இன்னார் வீட்டில் உன்னை வாயிலில் நிறுத்துவார்கள்" என்று எங்கும் எச்சரிக்கவில்லை. செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாம், மலையடிவாரச் சிற்றூர் மக்களின் வீட்டுக்குள் சொந்த வீட்டில் நுழைவது போலவே நுழையலாம், உறவினர் போலப் பழகலாம் என்று கூத்தர்க்குத் தெம்பூட்டுகிறது. நாமக்கல்லை அடுத்த கொல்லிமலைக்கு உரியவனான வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டும் இத்தகையதே. காட்டிடையே கண்ட வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் பாடுகிறது. அவனே ஓரி என்பதை அவர்கள் அறியார். தன் புகழைத் தன் எதிரில் கேட்டு நாணிய அவன், வேட்டையில் வீழ்த்திய மானின் கொழுத்த இறைச்சியை வேகவைத்து அளிக்கிறான். உருக்கிய நெய் போன்ற மதுவும் தன் மலையிற் பிறந்த பொன்னும் தருகிறான். நம் சமவெளியில் வழிப்போக்கர்க்குக் கிடைத்த விருந்துகளில், எழுத்தில் நிற்கும் மிகப் பழையது இதுவேயாகலாம். மது நமக்கு ஆகாது. ஆனால் உண்பவர் யார், எவர் என்று கேளாமல் இட்டானே, அந்தப் பண்பு நமக்கு ஆகும்.

காலம் செல்லச் செல்ல அந்தக் கேளாமை தேய்ந்தது. அதற்குச் சாட்சி சொல்பவர்கள் அயல்நாட்டார் இருவர்.

முதல்வர், நம் மாணவர் சென்ற வெனிசு நகரத்தாரான மார்க்கோ போலோ. 1292ஆம் ஆண்டையொட்டிச் சீனத்திலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் கரையை அடைந்தார். அரபியர் மஅபர் என்று வழங்கிய கரை அது. இந்நாட்டார் வலக்கையால் மட்டுமே உண்பதை அவர் வியந்து எழுதினார். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரம் வைத்திருப்பதையும், வாயில் படாமல் அண்ணாந்து குடிப்பதையும் குறித்தார். அயலான் ஒருவனிடம் பாத்திரம் இல்லையானால் தம் பாத்திரத்தை அவனுக்குத் தரமாட்டார்கள். அவன் கைகளைக் குவித்து ஏந்த, அதில் ஊற்றுவார்கள் என்றும் எழுதினார்.

மற்றவர் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா. அவர் 1342ஆம் ஆண்டையொட்டி மலையாளக் கரை வழியே பயணம் செய்தார். வழிநெடுக அரைக்கல் தொலைவுக்கு ஒரு மரச்சாவடி, அமர்வதற்குத் திண்ணை, பக்கத்தில் கிணறு, தண்ணீர் வார்க்க ஓர் ஆள் என்று அவர் வர்ணிப்பதைப் படிக்கும்போது நெஞ்சு குளிர்கிறது. அடுத்த வரியிலேயே அது சுடவும் செய்கிறது. தம்மவர்க்குப் பாத்திரத்தில் தருவார்கள். முஸ்லிமுக்குக் கையில் ஊற்றுவார்கள். முஸ்லிம்கள் இல்லாத ஊரில் வழிப்போக்கனான முஸ்லிமுக்குச் சமைத்து வாழையிலையில் இட்டு, குழம்பையும் அதன் மேலேயே ஊற்றுவார்கள். தப்பித் தவறி அவன் தம் பாத்திரத்தில் உண்டுவிட்டால் அதனை உடைத்துவிடுவார்கள், அல்லது அவனிடமே கொடுத்துவிடுவார்கள். ஆங்காங்கே குடியிருந்த முஸ்லிம்களின் வீடுகளே தம்மவர்க்கு இறங்குமிடமாய் இருந்தன என்றும், அவர்கள் இல்லையெனில் அந்தப் பாதையில் முஸ்லிம் ஒருவன் பயணம் செய்யவே இயலாது என்றும் அவர் முடிக்கிறார்.

ஐம்பது ஆண்டு இடைவெளியில், ஒரு கிறித்தவரும் ஒரு முஸ்லிமும், வெவ்வேறு கரைகளில், தம் இரு கைகளையே குவளையாக ஏந்தி நின்ற நிலையைப் பதிந்திருக்கிறார்கள். இதில் கொடுமையும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. தண்ணீரை மறுக்கவில்லை, பாத்திரத்தைத்தான் மறுத்தார்கள். இந்நாட்டு விருந்தோம்பலின் வரலாறு முழுவதும் அந்த இரண்டுக்கும் இடையிலேயே ஊசலாடி வந்திருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிடலாகாது. அரபியில் பயணிகள் விடுதிக்கு ஃபுந்துக் என்று பெயர். அச்சொல் கிரேக்கத்தில் 'பாந்தொக்கெயோன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. எல்லோரையும் ஏற்கும் இடம் என்பது அதன் பொருள். அரபு வணிகர்களின் வாய்வழியாக அது இத்தாலிக்குச் சென்று 'ஃபொந்தாக்கோ' என்றாயிற்று. வெனிசு நகரில், பெருங்கால்வாயின் கரையில், 1621ஆம் ஆண்டு முதல் துருக்கிய வணிகர்க்கென ஒரு ஃபொந்தாக்கோ இருந்தது. இரவில் அதன் கதவுகள் பூட்டப்பட்டன. நகரத்தாரோடு அவர்கள் கலவாதபடி காக்கப்பட்டனர். எல்லோரையும் ஏற்கும் இடம் என்ற சொல், ஒருசாராரைத் தனியே அடைக்கும் இடத்துக்குப் பெயராகிவிட்ட விந்தையைப் பாருங்கள். சொற்கள் வழிப்பயணத்தில் பொருளை இழப்பது போலவே, நிறுவனங்களும் இழக்கின்றன.

நம் சத்திரங்களுக்கும் இதுவே நேர்ந்தது. மதுரை நாயக்கர் ஆட்சியில் இராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்த புகழ் நாடறிந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி, தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைப் பற்றி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பிராமணர் முதல் பறையர் ஈறாக வருவோர் அனைவர்க்கும் அங்கே உணவளிக்கப்படுவதையும், நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டோ என்று அழைத்துச் சோறு இடுவதையும் அதில் அவர் எடுத்துரைக்கிறார். அந்த நள்ளிரவு மணியை நினைக்கும்தோறும் நம் உள்ளம் நெகிழ்கிறது. வழிப்போக்கனாகிய இப்னுஸ் ஸபீலை ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் ஒருவராக வைத்துப் பயின்ற நமக்கு, அது அயலான ஓசையன்று. நாகூர் போன்ற இடங்களில் முசாபிர்கள் தங்கிப் பசியாறிய மரபும் அதே மணியின் எதிரொலிதான். ஆயினும், எல்லோர்க்கும் உணவு என்பது வேறு, எல்லோர்க்கும் ஒரே பந்தி என்பது வேறு. ஒரு சாதியார்க்கு மட்டுமே எனக் கட்டப்பட்ட சத்திரங்களும் நாட்டில் பலவாக இருந்தன.

பின்னர் இரயில் வந்தது. காபி கிளப்பு வந்தது. காசு கொடுத்து உண்ணும் பழக்கம் வந்தது. காசுக்குச் சாதியில்லை என்று மக்கள் எண்ணினார்கள். ஆனால் இரயில் நிலையத்தில் இந்துக்களுக்கு ஒரு சிற்றுண்டிச் சாலை, முகமதியருக்கு ஒன்று, ஐரோப்பியருக்கு ஒன்று எனப் பிரிந்தது. கிளப்புகளில் பிராமணர்க்குத் தனி அறை. தாழ்த்தப்பட்டோர்க்கு வாயிலுக்கு அப்பால் நிற்கவும் இடமில்லை. புலால் உணவு கிடைத்த மிலிட்டரி ஓட்டல்களில்தான் பலதரப்பட்டவரும் ஓரளவு தோளோடு தோள் இருந்து உண்டார்கள்.

இதை எதிர்த்து எழுந்தோருள் நம் சமவெளியினர்க்குத் தனி இடம் உண்டு. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்ண வ. வே. சு. ஐயர் இடங்கொடுத்தபோது, 1925இல் அதனை நாடறியச் செய்து போராடியவர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. இவர் பிறந்த ஊர், இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள இராசிபுரம். பெரியார் ஈ. வெ. ராமசாமியும் அப்போராட்டத்தில் முன்நின்றார். பார்த்தால் இரு சிறுவர்களின் சாப்பாட்டு இலை. ஆனால் தமிழகத்து அரசியலின் திசையையே அது மாற்றிற்று. தென்னிந்திய இரயில்வே நிலையங்களில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல் கைவிடப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, உணவு விடுதிகளில் மதம், சாதி முதலியன காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று 15ஆம் பிரிவில் விதித்தது. சட்டம் எழுதியோர் கடை, கிணறு, குளம் ஆகியவற்றோடு உணவு விடுதியையும் பெயர் சொல்லிச் சேர்த்தது தற்செயலன்று.

மேடையிலும் சட்டத்திலும் நிகழ்ந்தவை இவை. வீட்டுக்குள் நிகழ்ந்தது ஒன்றையும் சொல்லவேண்டும். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888இல் மோகனூரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் அவரைத் தாய்போல வளர்த்தவர் பதுலா பீவி என்னும் பெண்மணி. யார் கையால் உண்பது என்பதை ஊரெல்லாம் அளந்து பார்த்துக்கொண்டிருந்த நாளில், ஒரு பிள்ளைக்குச் சோறூட்டிய கையை அந்த வீடு அளக்கவில்லை.

நம் வாழ்விலும் ஒரு நாள் உண்டு. 1990களின் முற்பகுதியில், வெளியூர் நிக்காஹ் ஒன்றை முடித்துத் திரும்புகையில், வழியில் ஓர் உணவு விடுதியில் நுழைந்தோம். தொப்பியையும் தாடியையும் பார்த்தவர், "சாப்பாடு தீர்ந்துவிட்டது" என்றார். நம் பின்னால் வந்தவர்களுக்கு இலை விழுந்தது. நாம் ஒன்றும் பேசாமல் வெளியே வந்தோம். சாலையோரத்தில் லாரியை நிறுத்தி, சக்கரத்தைச் சோதித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் இதைப் பார்த்திருக்கிறார். "பாய், ஏறுங்க" என்றார். மூன்று மைல் தள்ளி ஒரு கூரைக் கடை. கம்பங்களி, கீரைக் கடைசல், இரண்டு அவித்த முட்டை. நாம் காசை எடுக்குமுன் அவரே கொடுத்துவிட்டார். நம் பெயரை அவர் கேட்கவில்லை. அவர் பெயரைக் கேட்க நமக்கும் தோன்றவில்லை. நாமக்கல்லில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யார் கேட்டாலும், முப்பது ஆண்டுகளாக நம் நினைவுக்கு முதலில் வருவது அந்தக் கூரைக் கடைதான்.

ஆயினும் வருவோர்க்கு வழி சொல்லாமல் விடுதல் முறையன்று. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு 2013இல்தான் இரயில் ஓடத் தொடங்கிற்று. அதுவரை இவ்வூர் லாரியும் பேருந்தும் வளர்த்த ஊர். எனவே இதன் உணவும் சாலையோர உணவே. பள்ளிபாளையத்தின் பெயர் பூண்ட கோழிக்கறியை உண்ணுங்கள்: சின்ன வெங்காயம், விதை நீக்கிய வற்றல் மிளகாய், தேங்காய்ச் சில்லு, அரைத்த மசாலா ஏதும் வேண்டாத எளிய கறி. முட்டைக்கு நாமக்கல் பெயர் பெற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. இராசிபுரத்து நெய் மணக்கும். அரிசிம்பருப்புச் சோற்றில் அதனை ஊற்றி உண்டவர் மறவார். கொல்லிமலை ஏறினால் முடவாட்டுக்கால் கிழங்குச் சாறும், பலாவும் அன்னாசியும் உண்டு. சேலத்தில் மாலை வேளையில் தட்டுவடை செட்டு உண்டு. கோடையாயின் மாம்பழம் உண்டு. ரமளானில் வந்தால் எந்தப் பள்ளிவாசலிலும் நோன்புக் கஞ்சி உண்டு. பாத்திரம் கொண்டுவரும் அண்டை வீட்டாரின் சமயத்தை அங்கே எவரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவோம். உண்பவன் உணவைப் பற்றிக் கேட்கலாம். ஹலாலா என்று நாம் கேட்பதும், சைவமா என்று மற்றொருவர் கேட்பதும் அவரவர் உரிமை. ஆனால் இடுபவன் உண்பவனைப் பற்றிக் கேட்கலாகாது. முதலாவது பேணுதல், இரண்டாவது இழிவுபடுத்துதல். இரட்டைக் குவளை இந்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. நம் வீட்டுத் திண்ணையில் துப்புரவுப் பணியாளர்க்குத் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் தரப்படுகிறது என்பதை நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்னு பதூதாவின் கையில் ஊற்றப்பட்ட தண்ணீருக்காக வருந்துகிறவர்கள், தம் வீட்டுக் குவளையை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நம் மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. வெனிசை ஒட்டிய மெஸ்த்ரே என்ற பகுதியில் தங்கியிருக்கிறாராம். மத்தி மீனைப் பொரித்து, வெங்காயமும் காடியும் உலர்திராட்சையும் சேர்த்து ஊறவைத்த 'சார்தே இன் சாவோர்' என்ற மாலுமிகளின் பழைய உணவு, நம் மீன் ஊறுகாயை நினைவூட்டியதாம். ஆனால் முதல் நாள் இரவு, கடைகள் அடைத்த பின் பசியோடு நின்றவரை, கப்பல் தளத்தில் வேலை செய்யும் வங்கதேசத்துத் தொழிலாளர் சிலர் தம் அறைக்கு அழைத்துச் சென்று சோறும் பருப்பும் இட்டார்களாம். "எந்த ஊர் என்று உண்டு முடித்த பிறகுதான் கேட்டார்கள், ஹஸ்ரத்" என்று எழுதியிருக்கிறார்.

அவருக்கு மறுமொழி எழுதினோம்: "தம்பி, அந்த ஊரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். கண்டுபிடித்துவிட்டீர்கள்."