மதிலுக்குப் போன பணம்

பிரித்தானியாவின் மிகப் பழைய தாவரவியல் தோட்டம் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தினுடையதாகும். ஹென்றி டான்வேர்ஸ் பிரபு வழங்கிய 5,000 பவுணைக் கொண்டு 1621ஆம் ஆண்டில் மருத்துவ மூலிகைத் தோட்டமாக அது ஆரம்பிக்கப்பட்டது.

அந்நிலத்தின் ஒரு பகுதி முன்னர் யூதர்களின் இடுகாடு. 1290இல் முதலாம் எட்வேர்ட் மன்னன் யூதரை இங்கிலாந்திலிருந்தே வெளியேற்றினான். உயிரோடிருந்தோர் போயினர்; மாண்டோர் அங்கேயே கிடந்தனர். ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி, அவர்கள் மேல் 4,000 வண்டி எருவையும் குப்பையையும் கொட்டி நிலத்தை உயர்த்தினார்கள். வாயிலருகே ஒரு நினைவுக் கல்வெட்டு வைக்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான்.

பிரபுவின் பணத்தில் பெரும்பகுதியை உயர்ந்த மதில்களும் அலங்கார வாயிலும் விழுங்கிவிட்டன. கட்டடம் முடிந்த பின்னரே, தோட்டத்துக்குத் தோட்டக்காரனும் வேண்டுமே என்பது நினைவுக்கு வந்தது போலும்! 1642இல் முதற் காப்பாளராக வந்தவர் ஜேகொப் போபார்ட் என்னும் ஜேர்மானியர். உள்நாட்டு யுத்த காலம். சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. தோட்டத்தில் விளைந்த பழங்களை விற்றுச் சமாளித்தபடியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவரங்களைச் சேர்த்து, 1648இல் அவற்றின் பட்டியலையும் வெளியிட்டார்.

'தாவரவியல் தோட்டம்' என்ற பெயர் 1840இல் பேராசிரியர் டோபெனியின் காலத்தில் வந்தது. போபார்ட் 1645இல் நட்ட யூ மரமொன்று இன்றும் அங்கே நிற்கிறது.