கொடியாக இருந்த விருது

உடப்பில் தமிழ் படிப்பித்த காலத்தில், விருது என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் கேடயத்தையும் கிண்ணத்தையும் சொல்வார்கள். பரிசளிப்பு விழாவில் வாங்கி வீட்டு அலுமாரியில் வைப்பது. தமிழ் அகராதியைத் திறந்தால் அந்தச் சொல்லுக்குக் கொடி, பட்டப்பெயர், வெற்றிச் சின்னம் என்றெல்லாம் பொருள் வரும். வடமொழியில் அது பிருதம். கன்னடத்திலும் தெலுங்கிலும் பிருது. மகேந்திரவர்ம பல்லவன் தன் குகைக் கோயில்களில் வெட்டுவித்த பட்டப்பெயர்கள் எல்லாம் இந்த வகைதான். ஊர் ஊராய் வென்று விருதுக் கொடிகளோடு வந்த ஒரு வீரனை உள்ளூர்க்காரன் ஒருவன் வெட்டி வீழ்த்தியதால் விருதுவெட்டி என்று பெயர் வந்ததாகவும், அது விருதுபட்டியாகிப் பின்னர் விருதுநகர் ஆனதாகவும் அங்கே ஒரு கதை உண்டு. கதை எப்படியும் இருக்கட்டும். விருது என்பது ஆள் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிற பொருள் என்பதை அந்த ஊரார் மறக்கவில்லை.

எங்கள் புத்தளக் கரையில் அந்தப் பொருளுக்காக இரத்தம் சிந்தியிருக்கிறது. முக்கர ஹட்டன என்ற சிங்கள ஏடு, கோட்டை இராச்சியத்து மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு (1412–1467) காலத்துப் போரைச் சொல்கிறது. புத்தளத்தைப் பிடித்திருந்த முக்குவர் குடியை எதிர்க்கக் காஞ்சிபுரம், காவேரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து கரையார் குடியினர் 7,740 பேர் வந்தார்களாம். புத்தளம் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்தார்களாம். வென்ற கரையாருக்கு அரசன் நிலத்தோடு கொடிகளும் கொடுத்தான் என்கிறது ஏடு. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நிலத்துக்குச் சமமாக ஒரு துணியையும் வெகுமதியாக எழுதி வைத்தார்களே, அதை நான் முழுமையாக நம்புகிறேன். நிலம் வயிற்றுக்கு; கொடி கலியாணத்திலும் சாவீட்டிலும் தலைநிமிர்ந்து நடப்பதற்கு. அந்தக் கொடிகளின் பரம்பரையை எட்வர்ட் வால்டர் பெரேரா 1916இல் சிங்களக் கொடிகள் பற்றிய தன் நூலில் படங்களோடு சேர்த்து வைத்தார். சூரியன், சந்திரன், மகரமீன் எல்லாம் அவற்றில் உண்டு.

தோற்றவர்களும் சின்னமில்லாதவர்கள் அல்லர். புத்தளத்து முக்குவத் தலைவர்கள் கூடி வழக்குத் தீர்த்த மன்றத்தின் பெயரே முத்திரைக்கூடம். இந்தக் கரைக்கு வந்துபோன அரசர்களுக்கும் சின்னம் இருந்தது. அந்தப் போருக்கு முன்பு, 1344இல், பயணி இப்னு பதூதா பத்தாலாவில் கரையிறங்கி யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்தப் பத்தாலா எங்கள் புத்தளம் என்பதே பெரும்பாலான அறிஞர் முடிவு. ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளில் படுத்திருக்கும் எருதும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் இருக்கின்றன. வாசிக்கத் தெரியாதவனும் எருதைக் கண்டால் காசு யாருடையது என்று அறிவான்.

விருதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஒருவன் குடை பிடிக்கலாம் என்றால் அடுத்தவன் பிடிக்கக்கூடாது என்று பொருள். கொங்கு நாட்டில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, கம்மாளர் தங்கள் நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அனுமதி கொடுக்கிறது. அந்த அனுமதி வரும்வரை அவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள் என்பதுதானே அதன் செய்தி! நிலபாவாடை, மேற்கட்டி, பகற்பந்தம், ஆலவட்டம், சாமரம் என்று ஊர்வல விருதுகள் ஒவ்வொன்றையும் இன்ன குடி வைத்துக்கொள்ளலாம், இன்ன குடி கூடாது என்று பிரித்தார்கள். கலியாண ஊர்வலங்கள் அடிதடியில் முடிந்ததற்கு இந்தப் பிரிப்பும் காரணம்.

என் பாட்டனார் திருவிழாவில் ஆலவட்டம் தூக்குபவர். கை நடுங்கத் தொடங்கிய பிறகும் அதன் பிடியைத் தன் மகனிடமன்றி வேறொருவரிடம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. சிறுவயதில் அது எனக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது. இன்று அதில் பெருமையையும் பார்க்கிறேன், அடுத்தவனை விலக்கிய பழைய வழக்கத்தையும் பார்க்கிறேன். ஆடியில் திரௌபதை அம்மன் திருவிழாவுக்குக் கொடியேறும்போது ஊரே ஒரே கொடியைப் பார்த்து நிற்பது எனக்கு அதைவிட உயர்வாகத் தோன்றுகிறது.

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை, பழைய கொடித்துணியோ பித்தளை முத்திரையோ பெட்டிக்குள் வைத்திருக்கும் குடும்பங்கள் இருந்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உப்புக் காற்றில் துணி இற்றுப் போகும், பித்தளை களிம்பேறும். அதை வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள். யார் தூக்கினார்கள், எந்த ஊர்வலத்தில் தூக்கினார்கள், யாரைத் தூக்க விடவில்லை என்பதை உங்கள் பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, சிங்களத்தில் எழுதினாலும் சரி.