தாய்வழியும் தாய்மொழியும்: அந்தமான் தீவுகளின் இரு அரிய கால்வழிகள்

1. முன்னுரை

எழுத்துச் சான்று இல்லாத மக்களின் பண்டை வரலாற்றை அறிய மொழியியலார்க்கு நெடுங்காலம் துணைநின்றது ஒப்பியல் முறையே ஆகும். ஒலி ஒப்புமை, அடிப்படைச் சொற்கள், இலக்கண அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு மொழிக் குடும்பங்கள் வகுக்கப்பட்டன. அவற்றைப் பேசிய மக்களின் இடப்பெயர்ச்சியும் அவ்வழியே ஊகிக்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டில் கேன், ஸ்டோன்கிங், வில்சன் ஆகிய மூவரும் தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்குச் செல்லும் மரபுப்பொருளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அதன்பின் மனிதகுல வரலாற்றுக்கு மற்றொரு வகைச் சான்று கிடைக்கலாயிற்று. இவ்விரு சான்றுகளும் எந்த அளவில் ஒன்றையொன்று தாங்கும், எந்த இடத்தில் பிரியும் என்பதை அந்தமான் தீவுகளில் காணப்படும் எம் 31, எம் 32 என்னும் அரிய தாய்வழிக் கால்வழிகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தாய்வழிச் சான்றின் இயல்பு

மனித உயிரணுவில் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பு மைட்டோகாண்ட்ரியா எனப்படும். இதற்கெனத் தனியே ஒரு டி.என்.ஏ. உண்டு. இது 16,569 கார இணைகளைக் கொண்ட சிறு வளையமாகும். மகனும் மகளும் இதனைத் தாயிடமிருந்து பெறுவர். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவள் மகள் மட்டுமே. இதில் அவ்வப்போது நேரும் சிறு மாற்றங்கள் அழியாமல் வழிவழியாகத் தொடர்வதால், பொதுவான மாற்றங்களை உடையோர் ஒரே மூதாயின் வழியினர் எனக் கொள்ளப்படுவர். இத்தகைய தொகுதிகளுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள் இடப்பட்டுள்ளன. ‘எம்’ என்பது இந்தியாவில் பெருவழக்காக உள்ள பெருங்கிளை. 31, 32 என்பன அதன் உட்கிளைகள்.

ஒரு பெண்ணுக்கு ஆண்மக்கள் மட்டுமே பிறப்பின் அவளுடைய தாய்வழி அத்தலைமுறையோடு அற்றுப்போகும். மக்கள்தொகை சிறிதாயின் இவ்வாறு பல வழிகள் விரைவில் மறைந்து, எஞ்சிய ஒன்றிரண்டே அனைவரிடமும் பரவி நிற்கும். எனவே உலக அளவில் அரிதாக உள்ள ஒரு கால்வழி, ஒரு தீவில் பெருவழக்காக இருத்தல் கூடும். அந்தமானில் நிகழ்ந்தது இதுவே. அரிதாக இருப்பது ஒன்றே ஒரு கால்வழியின் பழைமைக்குச் சான்றாகாது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

3. ஆய்வின் வளர்ச்சி

2003-ஆம் ஆண்டில் இருவேறு ஆய்வுக் குழுவினர் அந்தமானியரின் தாய்வழிச் சான்றை வெளியிட்டனர். எண்டிகாட் முதலியோர் அருங்காட்சியகத் தொகுப்புகளில் இருந்த பழைய மாதிரிகளைப் பயன்படுத்தினர். ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சார்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் ஓங்கே, ஜாரவா, பெரிய அந்தமானியர் ஆகியோரை ஆராய்ந்தனர். ஆப்பிரிக்காவின் குள்ள உருவ மக்களோடு அந்தமானியர்க்கு உள்ள தோற்ற ஒப்புமை நெருங்கிய உறவினால் வந்ததன்று என்பது அப்போதே புலனாயிற்று.

2005-ஆம் ஆண்டில் தங்கராஜ் குழுவினர் ஓங்கேயர் ஐவர், பெரிய அந்தமானியர் ஐவர், நிக்கோபாரியர் ஐவர் ஆகியோரின் தாய்வழி டி.என்.ஏ.வை முழுமையாகப் படித்தறிந்தனர். முதலிரு மக்களிடமும் காணப்பட்ட எம் 31, எம் 32 என்னும் கிளைகள் ஏனைய தெற்காசிய, தென்கிழக்காசிய மக்களின் தொடர்பின்றித் தீவுகளிலேயே வளர்ந்தவை என்றும், மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து வெளிப்போந்து இந்தியப் பெருங்கடலின் வடகரையை அடைந்த 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்திலிருந்தே தனித்திருந்தவை என்றும் அவர்கள் கருதினர். நிக்கோபாரியரோ தென்கிழக்காசியரோடு நெருங்கிய உறவுடையர் என்றும், கடந்த 18,000 ஆண்டுகளுக்குள் கிழக்கிலிருந்து வந்தவர் என்றும் முடிவு செய்தனர். நிக்கோபாரி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்த மொழி. ஆகவே நிக்கோபாரைப் பொறுத்தவரை மொழிச் சான்றும் தாய்வழிச் சான்றும் ஒரே திசையைக் காட்டின.

அந்தமானைப் பற்றிய முடிவு விரைவிலேயே மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று. 2006-ஆம் ஆண்டில் பழனிச்சாமி முதலியோர், வங்கத்தின் வடபகுதியில் வாழும் ராஜ்பன்ஷி மக்களிடையே எம் 31 கிளை இருத்தலை எடுத்துக்காட்டினர். அதன்பின் இந்தியப் பெருநிலத்தின் வேறு சில குடிகளிடமும் அதன் உட்கிளைகள் இனங்காணப்பட்டன. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த வாங் முதலியோரின் ஆய்வு மியான்மரில் 846 பேருடைய மாதிரிகளைச் சோதித்தது. அவர்களுள் இருவரிடம் மட்டுமே எம் 31 இருந்தது. அதுவும் வடகிழக்கு இந்தியாவிலிருந்து அண்மைக் காலத்தில் கலந்ததாகலாம் என்று கருதப்பட்டது. அந்தமானுக்கே உரிய எம் 31 ஏ 1 என்னும் உட்கிளையின் மூலம் வடகிழக்கு இந்தியா என்றும், பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் குடியேற்றம் நிகழ்ந்தது என்றும் அவ்வாய்வு கூறிற்று.

ஆறே ஆண்டுகளில் 50,000-க்கு மேற்பட்ட ஆண்டு என்ற கணிப்பு, ஏறத்தாழ 20,000 ஆண்டு என்ற கணிப்பாகச் சுருங்கிற்று. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் முன்னைய ஆய்வகப் பணியின் பிழையன்று. ஒரு கால்வழி ஓரிடத்திற்கே உரியது என்பது, பிற இடங்களில் அது கிடைக்காதவரை மட்டுமே நிற்கும் கூற்றாகும். மேலும், ஒரு கால்வழி தோன்றிய காலமும், அதனை உடையோர் ஓரிடத்தில் குடியேறிய காலமும் வேறு வேறாம். தொல்லியலை நோக்கின், அந்தமானில் இதுவரை காலம் கணிக்கப்பட்ட கிளிஞ்சல் மேடுகளுள் பழைமையானவை 2,200 ஆண்டுகளுக்குச் சற்று முற்பட்டவையே.

4. மொழிச் சான்று

அந்தமான் மொழிகளைப் பற்றிய பதிவு மான், டெம்பிள், போர்ட்மன் ஆகிய ஆங்கிலேய அலுவலர்களால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கொள்ளப்பட்டது. 1971-ஆம் ஆண்டில் கிரீன்பெர்க், அந்தமான் மொழிகளையும் பாப்புவா மொழிகளையும் தாஸ்மானிய மொழிகளையும் இந்தோ-பசிபிக் என்னும் ஒரே பெருங்குடும்பத்துள் அடக்கினார். முறையான ஒலி ஒப்புமை காட்டப்பெறாமையால் இக்கருத்தை மொழியியலாருள் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை.

அன்விதா அப்பி களப்பணியின் அடிப்படையில் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பெரிய அந்தமானிய மொழிகள் ஒரு குடும்பம், ஓங்கேயும் ஜாரவாவும் மற்றொரு குடும்பம் என வரையறுத்தார். பெரிய அந்தமானியத்தில் உடலின் பகுதிகள் 7 வகைகளாகப் பகுக்கப்பட்டு, அவற்றைக் குறிக்கும் முன்னொட்டுகள் பெயர், வினை, பெயரடை, வினையடை ஆகியவற்றில் ஊடுருவி நிற்கின்றன. இவ்விலக்கண அமைப்பை அப்பி தம் பாகுபாட்டிற்கு இன்றியமையாத சான்றாகக் கொண்டார்.

5. இரு சான்றுகளையும் இணைப்பதன் இடர்

கால்வழிகள் இரண்டு, மொழிக் குடும்பங்களும் இரண்டு. ஆதலின் ஒன்றற்கு ஒன்றாகப் பொருத்தலாம் என்னும் எண்ணம் எளிதில் எழும். ஆனால் எம் 31 ஒரு மொழிக் குடும்பத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. பெருநிலத்தில் அதனைக் கொண்டுள்ள ராஜ்பன்ஷி மக்களின் இன்றைய மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது. கடலுக்கு அப்பால் அதே கால்வழியின் உறவினர் பேசுவது அதனோடு எவ்வகைத் தொடர்பும் நிறுவப்படாத மொழி. ஒரு தாய்வழி பல மொழிகளைக் கடந்து செல்ல வல்லது என்பதே இதனால் பெறப்படும்.

எம் 32 தரும் பாடம் இன்னும் நுட்பமானது. 2007-ஆம் ஆண்டில் ஜூலியட் பிளெவின்ஸ், ஓங்கே, ஜாரவா ஆகியவற்றின் மூலமொழியை மீட்டுருவாக்கி, அது மூல ஆஸ்திரோனேசியத்தின் உடன்பிறந்த மொழியாகலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார். இதற்கிடையே எம் 32-இன் மற்றொரு கிளையாகிய எம் 32 சி மடகாஸ்கர் மக்களிடையே அறியப்பட்டது. மடகாஸ்கரின் மலகாசி மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தது. போர்னியோவின் மாஅன்யான் மொழியோடு அதற்குள்ள நெருக்கத்தை ஓட்டோ கிறிஸ்டியன் தால் 1951-ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். ஓங்கேயரிடம் எம் 32, ஆஸ்திரோனேசியம் பேசும் மலகாசியரிடம் எம் 32 சி. எனவே பிளெவின்ஸின் கருதுகோளுக்கு மரபியல் துணைநிற்கிறது என ஒருவர் வாதிடக்கூடும்.

இவ்வாதம் காலக் கணக்கில் நில்லாது. மூல ஆஸ்திரோனேசியம் தைவானில் பேசப்பட்டது ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன்னர் என்பது பெரும்பான்மைக் கருத்து. மடகாஸ்கரில் அம்மொழியினர் குடியேறியது கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளுக்குள் ஆகும். எம் 32-இன் கிளைகள் பிரிந்த காலமோ இவற்றைக் காட்டிலும் பன்மடங்கு தொன்மையானது. தென்கிழக்காசியத் தீவுகளில் ஆஸ்திரோனேசியம் பரவுமுன் அங்கே வாழ்ந்த பெண்டிரின் வழி, பின்னர் அம்மொழி பேசுவோரோடு கலந்து மடகாஸ்கரை அடைந்தது எனக் கொள்வதற்கு எவ்வகைத் தடையும் இல்லை. கால்வழியின் ஒற்றுமை மொழியின் ஒற்றுமைக்கு முற்பட்டது. எனவே அது மொழி உறவை நிறுவவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது. பிளெவின்ஸின் கருதுகோளை இராபர்ட் பிளஸ்ட் 2014-ஆம் ஆண்டில் மறுத்தபோது, மொழிச் சான்றுகளைக் கொண்டே மறுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் மறுதலையும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் ஆய்வு, பனியூழிக் குடியேற்றம் என்ற தன் முடிவு மொழியியற் சான்றுக்கும் இயைந்தது என்று கூறியது. ஒப்பியல் முறை நம்பத்தக்க முடிவுகளைத் தருவது ஏறக்குறைய 8,000 அல்லது 10,000 ஆண்டு எல்லைக்குள்ளேயே. அதற்கு அப்பாற்பட்ட காலத்திற்கு மொழியியலைச் சாட்சியாக அழைத்தல் பொருந்தாது. மொழியியலார் மரபியலை ஐயமறக் கொள்வதும், மரபியலார் மொழியியலை அவ்வாறே கொள்வதுமாகிய இச்சுழற்சியில், இரண்டும் தனித்தனியே நிறுவாத ஒன்று நிறுவப்பட்டதுபோல் தோன்றிவிடும்.

6. மொழிபெயர்ப்பில் கொள்ளத்தக்கன

இத்துறை நூல்களைத் தமிழாக்குவோர் ‘எம் 31’ போன்ற தொகுதிகளை ‘இனம்’ என்றோ ‘இனக்குழு’ என்றோ பெயர்ப்பதைத் தவிர்த்தல் நன்று. இச்சொற்கள் மக்கள் கூட்டத்தைக் குறிப்பன. மேற்கண்ட தொகுதி ஒருவருடைய முன்னோர் பலருள் ஒரே ஒருத்தியின் வழியை மட்டும் குறிப்பது. பத்துத் தலைமுறை பின்சென்றால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. தாய்வழி காட்டுவது அவற்றுள் ஓர் இடத்தையே. ‘தாய்வழிக் கால்வழி’ என்னும் தொடர் இப்பொருளைப் பிறழாமல் தரும்.

அவ்வாறே அந்தமானியரைத் ‘தொல்மாந்தரின் எச்சம்’ என்று பெயர்ப்பதும் தவறான பொருளைத் தரும். 2016-ஆம் ஆண்டில் மண்டல் முதலியோர் ஜாரவா, ஓங்கே மக்களின் முழு மரபுத்தொகுதியை ஆராய்ந்து, ஏனைய ஆசியர்க்குரிய அதே ஆப்பிரிக்க வெளியேற்றத்திலிருந்தே இவர்களும் தோன்றினர் எனக் காட்டினர். இவர்கள் கழித்த காலமும் பிறர் கழித்த காலமும் ஒன்றே. மக்களின் பெயர்களிலும் கவனம் வேண்டும். ‘ஜாரவா’ என்பது அண்டையிலிருந்த ஆகா-பேயா மொழியினர் இட்ட பெயர். அம்மக்கள் தம்மை ‘ஆங்’ என்றே குறிப்பர்.

7. முடிவுரை

1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் பெரிய அந்தமானியர் 19 பேரே இருந்தனர். 2011-இல் 44 பேர் பதிவாயினர். எண்ணிக்கை உயர்ந்த இதே காலத்தில் மொழி நலிந்தது. போ மொழியின் கடைசிப் பேச்சாளராகிய போவா மூத்தவள் 2010 ஜனவரி 26-ஆம் நாள் மறைந்தார். இன்றைய இளையோரின் வழக்கு மொழி இந்தி. ஒரு பெண் தன் மொழியை மறந்தாலும் அவளுடைய தாய்வழி மகள்கள் மூலம் குறைவின்றித் தொடரும். அதற்கு எவருடைய முயற்சியும் வேண்டியதில்லை. மொழியோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கற்கப்பட்டாலன்றி நில்லாது. ஒரு தலைமுறை இடைமுறிந்தால் மீளாது.

மரபுப்பொருளை நூற்றாண்டு கழிந்த பின்னும் அருங்காட்சியக மாதிரியிலிருந்து படித்தறியலாம். போ மொழியின் இலக்கணத்தை அவ்வாறு மீட்க வழியில்லை. எனவே அந்தமான் வரலாற்றாய்வில் காலம் கடத்தாது செய்யத்தக்கது எஞ்சிய பேச்சாளரிடமிருந்து மொழிகளைப் பதிவு செய்வதே. தாய்வழியையும் தாய்மொழியையும் இருவேறு மரபுரிமைகளாகக் கொண்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய சான்றால் நிறுவிய பின்னரே இரண்டையும் ஒப்பிடுதல் முறையாகும்.